வீட்டில் தோட்டா ரீலோட் செய்ய எந்த சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கலாம்?

அமெரிக்காவின் ஒஹாயோவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் ஒரு 308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் இருக்கின்றன. மாதம் ரைபிளில் நூறு, கைத்துப்பாக்கியில் இருநூறு தோட்டா சுடுவேன். சுட்ட பித்தளை ஓடுகளை ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் பவுடரும் குண்டும் மறுபடி வைத்து, வீட்டிலேயே ரீலோட் செய்ய ஆசை. எல்லாம் சேர்த்து 500 டாலர் ஒதுக்க முடியும். கராஜில் ஒரு மடக்கு மேசை இருக்கிறது. லீ, ஆர்சிபிஎஸ், ஃபார்ஸ்டர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நண்பன் ஒருவன் சிங்கிள் ஸ்டேஜே வேண்டாம், ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ்ஸை நேராக வாங்கு என்கிறான். எதை வாங்குவது அண்ணா?"

முதலில் நேரடியான பதில். புதிதாக வாங்குவதென்றால் லீ கிளாசிக் காஸ்ட். நல்ல நிலையில் பழையது கிடைத்தால் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர். இரண்டில் எது உங்கள் கைக்கு வந்தாலும் ஆயுசுக்கும் போதும். மிச்சப் பணத்தை டை என்ற அச்சு, தராசு, அளவு பார்க்கும் காலிப்பர், ரீலோடிங் கையேடு ஆகியவற்றில் போடுங்கள். ஆனால் பிரஸ் வாங்குவதற்கு முன்னால் அந்த மடக்கு மேசையை மாற்ற வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தோட்டா உற்பத்தியாளருக்கான உரிமம் எடுத்தாக வேண்டும். மாநில, ஊர் விதிகள் தனியாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இருக்கிறது என்பதால் மட்டும் தயாரிக்கும் அனுமதி வந்துவிடாது. ஆகவே நான் கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத்தான்.

சரி, பிரஸ் என்ன வேலை செய்கிறது? நம் வீட்டு முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து அழுத்தினால் கீழே இருக்கும் அச்சின் வடிவத்தில் மாவு வருகிறது. இங்கே தலைகீழ்: அச்சு, அதாவது டை, மேலே அசையாமல் நிற்கிறது. கீழே இருக்கும் ராம் என்ற எஃகுத் தண்டு பித்தளை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் டைக்குள் நுழைக்கிறது. சிங்கிள் ஸ்டேஜ் என்றால் ஒரு நேரத்தில் ஒரே டை. ஓட்டை அளவுக்குக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்க அடியில் பொருத்திய பழைய ப்ரைமரைத் தள்ளுவது ஒரு டை, குண்டைப் பொருத்துவது இன்னொரு டை. கைத்துப்பாக்கி ஓடு என்றால் நடுவில் வாயை லேசாக விரிக்கும் டை ஒன்று உண்டு. ஐம்பது ஓடுகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, டையை மாற்றி, ஐம்பதுக்கும் அடுத்த வேலை. இப்படித்தான் போகும்.

கைப்பிடியை இழுக்கும்போது கிடைக்கும் பலம் பயணம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. குந்தி உட்கார்ந்தவர் தலையில் மூட்டையோடு எழுந்திருப்பதைப் பாருங்கள். முழங்கால் மடங்கி இருக்கும்போது திணறுவார், கால் நேராகிவிட்டால் அதே மூட்டை எளிதாக நிற்கும். பிரஸ்ஸின் இணைப்புக் கம்பிகளும் முழங்கால் மாதிரிதான். ராம் உச்சிக்கு நெருங்க நெருங்கக் கம்பிகள் நேராகி, பலம் பல மடங்கு கூடுகிறது. ஓட்டின் அடிப்பகுதி டைக்குள் நுழையும் கடைசிக் கால் அங்குலத்தில்தான் நமக்கு அந்தப் பலம் வேண்டியிருக்கிறது. நல்ல பிரஸ் என்பது அந்தக் கடைசிக் கால் அங்குலத்தில் வளையாமல், அசையாமல், நேராகத் தள்ளும் பிரஸ்.

அந்த 'வளையாமல்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். தேர்வில் பாதி அதில்தான் இருக்கிறது.

308 போன்ற கழுத்துள்ள ரைபிள் ஓடு சுட்டவுடன், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் அளவுக்கு விரிந்துவிடும். அதைத் திரும்பச் சுருக்கும்போது, ஓட்டின் தோள்பட்டையை, அதாவது கழுத்துக்குக் கீழே இருக்கும் சரிவை, எவ்வளவு பின்னால் தள்ளுகிறோம் என்பது முக்கியம். போல்ட் ஆக்‌ஷனுக்கு 0.002 அங்குலம் போதும். கூடுதலாகத் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்னோக்கி நீண்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்து, சில சுற்றுகளில் ஓடு இரண்டாகப் பிரிந்துவிடும். குறைவாகத் தள்ளினால் சேம்பரை அடைக்கும் ரைபிளின் போல்ட் மூடாது. டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு டை 0.071 அங்குலம் நகரும். 0.002 வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து டிகிரி திருப்ப வேண்டும். கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகருவதைவிடக் குறைவு. இவ்வளவு நுணுக்கமாக டையை அமைத்துவிட்டு, அழுத்தும்போது பிரஸ் சட்டமே 0.003 அங்குலம் வாய் திறந்தால் அமைத்ததற்கு என்ன பயன்?

என் முதல் பிரஸ் 'சி' எழுத்து வடிவச் சட்டம் கொண்ட அலுமினிய பிரஸ். விலை குறைவு என்று 2009-ல் வாங்கினேன். 9 மி.மீ.க்கு அது எந்தக் குறையும் வைக்கவில்லை. 30-06 என்ற ரைபிள் ஓடுகளை அதில் போட ஆரம்பித்ததும்தான் தொல்லை. ஒரே டை, ஒரே அமைப்பு, ஆனால் ஒரு ஓட்டின் தோள் சரியாக இருக்கும், அடுத்தது 0.004 உயரமாக நிற்கும். வழுக்கிச் செல்வதற்காகப் பூசும் மசகு கொஞ்சம் குறைவாகப் பட்ட ஓடு அதிகம் எதிர்த்தது, சட்டம் அதற்கேற்ப விரிந்தது. நான் டைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு டை வாங்கினேன். அதிலும் அதே கதை. பக்கவாட்டில் ஒரு டயல் அளவுமானியை வைத்து, ஓட்டை உள்ளே தள்ளும்போது சட்டத்தின் மேல்பகுதி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்த நாளில்தான் காரணம் புரிந்தது.

ஆகவே ரைபிள் ஓடு உண்டு என்றால் 'ஓ' வடிவச் சட்டம் வாங்குங்கள். நான்கு பக்கமும் மூடிய சட்டம் வாய் திறக்க வழியில்லை. சி வடிவமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தடித்த வார்ப்பிரும்பில் செய்த சி பிரஸ்கள் உண்டு, லைமன் நிறுவனத்தின் ஐடியல் அப்படிப்பட்டது. ஓட்டை உள்ளே வைத்து எடுக்கக் கை தாராளமாகப் போகும் என்பது அந்த வடிவத்தின் நல்ல குணம். ஆனால் ஒரே ஒரு பிரஸ் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு ஓ வடிவம்தான் சரி. அதேபோல வார்ப்பிரும்பா அலுமினியமா என்று கேட்டால், 308-க்கு வார்ப்பிரும்பு. எடை கூடுதல்தான், ஆனால் பிரஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நாம் எங்கேயும் போவதில்லையே.

அடுத்தது சட்டத்தின் ஜன்னல் உயரம். 308 தோட்டாவின் முழு நீளம் 2.8 அங்குலம். நாளைக்கு 30-06 அல்லது 300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினால் 3.34 அங்குலம். குண்டை ஓட்டின் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு ராமை உயர்த்தும்போது டைக்கும் குண்டுக்கும் நடுவில் விரல் இருக்கும். அந்த இடம் இல்லாத சிறிய பிரஸ்ஸில் ரைபிள் தோட்டா செய்வது எரிச்சல். கடையில் பார்க்க முடிந்தால் உங்கள் துப்பாக்கியின் ஒரு ஓட்டைக் கொண்டுபோய், ராமைக் கீழே இறக்கி, வைத்துப் பாருங்கள். விளம்பரத் தாளைப் பார்ப்பதைவிட அது நல்லது.

இப்போது பலர் கேட்காத ஒரு விஷயம், என்னைப் பொறுத்தவரை சட்டத்தின் உறுதிக்கு அடுத்தபடி முக்கியமானது: பழைய ப்ரைமர் எங்கே போய் விழுகிறது?

சுட்ட ப்ரைமருக்குள் கருமை படிந்திருக்கும். பெரும்பாலான ப்ரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் இருப்பதால் அந்தப் படிவில் ஈயம் உண்டு. பிரஸ்ஸின் வடிவமைப்பு சரியில்லை என்றால் அந்தத் தூள் ராமின் மேல் விழும், ராமுக்கும் சட்டத்துக்கும் இடையில் அரைபட்டுத் தேயும், மேசையில் படியும், கம்பளத்தில் இறங்கும், தவழும் குழந்தையின் கைக்குப் போகும். நான் மிகைப்படுத்தவில்லை. எனக்குக் குழந்தை பிறந்த வருடம் ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொண்டேன், அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எதையும் தளர்த்துவதில்லை. லீ கிளாசிக் காஸ்ட் இதில் அருமை. ராம் உள்ளீடற்றது. ப்ரைமர் அதன் வழியாகவே இறங்கி, கீழே மாட்டிய பிளாஸ்டிக் குழாய்க்குள் போய்விடும். குழாயைக் குப்பைக்கூடை மேல் திறந்துவிட்டால் முடிந்தது. ரெடிங் நிறுவனத்தின் பிக் பாஸ் 2-லும் ப்ரைமர் ராம் வழியாகத்தான் இறங்குகிறது. ராக் சக்கரில் ப்ரைமர் ராமின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியே வந்து முன்னால் இருக்கும் தட்டில் விழ வேண்டும். பெரும்பாலும் விழும், சில துள்ளித் தரைக்குப் போகும். எந்தப் பிரஸ் ஆனாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மேசையில் காபி, தின்பண்டம் எதுவும் வேண்டாம். கம்பளம் விரித்த அறையைத் தவிருங்கள். கராஜ் நல்ல தேர்வு.

இனி பெயர் பெயராகப் பார்ப்போம்.

ஆர்சிபிஎஸ் நிறுவனம் 1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கியது. ராக் சக் என்பது மேற்குப் பகுதி மலைகளில் பாறை இடுக்கில் வாழும், மர்மோட் எனப்படும் பெரிய அணில் வகை. அதை வேட்டையாடுவதற்கான சிறு குண்டுகளைச் செய்யும் அச்சைத்தான் அவர் முதலில் உருவாக்கினார். ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்பதன் முதலெழுத்துகள்தான் நிறுவனத்தின் பெயர். ராக் சக்கர் என்ற பிரஸ்ஸின் பெயரும் அந்தப் பிராணியிடமிருந்து வந்ததுதான். இப்போது வருவது ராக் சக்கர் சுப்ரீம். வார்ப்பிரும்பு ஓ சட்டம், தடித்த ராம், கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றலாம். அமெரிக்கப் பட்டறைகளில் தாத்தா பயன்படுத்திய ராக் சக்கரில் பேரன் தோட்டா செய்வது சாதாரணக் காட்சி. ஆகவேதான் இது பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது.

லீ பிரிசிஷன் விஸ்கான்சினில் ஹார்ட்ஃபோர்ட் ஊரில் இருக்கிறது. மலிவு விலைப் பொருள் என்று அதன் பெயரைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அதன் சிறிய அலுமினிய பிரஸ்களைப் பற்றி அப்படிச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், கிளாசிக் காஸ்ட் பற்றிச் சொல்வது அநியாயம். சட்டம் வார்ப்பிரும்பு, இணைப்புகள் எஃகு, ராம் நல்ல தடிமன். மேலே இருக்கும் வளையத்தைக் கழற்றினால் 50 பிஎம்ஜி டைகளுக்கான ஒன்றேகால் அங்குலப் பெரிய மரை வரும். அந்தப் பூதத் தோட்டாவையே தாங்கும் சட்டம் உங்கள் 308-க்கு வளையப் போவதில்லை. கைப்பிடியின் நீளத்தையும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். விலையோ ராக் சக்கரைவிடக் குறைவு. உங்கள் தொகைக்கு இதுதான் என்று சொன்னதன் காரணம் இது.

ரெடிங் பிக் பாஸ் 2 கொஞ்சம் கூடுதல் விலை, கூடுதல் நேர்த்தி. நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாண்ட் ஊரில் செய்கிறார்கள். கையில் பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம், குறை சொல்ல எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹார்னடி கிளாசிக் அலுமினிய வகை, அதன் பலம் வேகமாக டை மாற்றும் பூட்டு. அவர்களிடமே வார்ப்பிரும்பில் அயர்ன் பிரஸ் என்றும் ஒன்று உண்டு. மெக் மார்க்ஸ்மன் ஷாட்கன் ரீலோடரில் பேர்போன நிறுவனத்திடமிருந்து வந்தது. ஓட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் லேசாக மிதந்து ஓட்டைத் தானே நடுவுக்குக் கொண்டுவரும்.

ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் வேறு சாதி. இல்லினாய் மாநிலத்தின் லானார்க்கில் செய்கிறார்கள். டையை மரையில் திருக வேண்டாம், அதன் பூட்டு வளையத்தைப் பிடித்து ஒரு பள்ளத்தில் செருகினால் போதும், இரண்டு விநாடி வேலை. ஷெல் ஹோல்டருக்குப் பதிலாக ஓட்டின் விளிம்பைக் கவ்வும் தாடைகள். அந்தத் தாடைகள் இருக்கும் பகுதி இரண்டு தூண்களின் உதவியால் ஏறி இறங்கும். டையும் ஓடும் இரண்டுமே கொஞ்சம் மிதப்பதால் ஒன்றை ஒன்று தேடி நேராகிக்கொள்கின்றன. சுட்ட ப்ரைமர் நேராகக் கீழே ஒரு கிண்ணத்தில் விழும், ஒரு தூள்கூட வெளியே வராது. எனக்கு மிகவும் பிடித்த பிரஸ் அதுதான், பத்து வருடமாக என் ரைபிள் தோட்டாக்களை அதில்தான் செய்கிறேன். இருந்தும் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை. விலை ராக் சக்கரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் 500 டாலரில் அது பெரும்பகுதியை விழுங்கிவிட்டால் தராசுக்கும் காலிப்பருக்கும் என்ன மிஞ்சும்? எல்லா நிறுவனங்களின் பூட்டு வளையமும் அதன் பள்ளத்தில் சரியாக உட்காராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லீ டைகளோடு வரும் ரப்பர் வளையம் வைத்த பூட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

வேகப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்னடியின் லாக்-என்-லோட், லீயின் பிரீச் லாக் இரண்டும் ஒரே எண்ணம்: ஒவ்வொரு டைக்கும் ஒரு வளையத்தை நிரந்தரமாக மாட்டிவிட்டால், ஒரு சிறு திருப்பலில் டை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், அமைப்பு மாறாது. வசதிதான், ஒவ்வொரு டைக்கும் கூடுதலாக ஒரு வளையம் வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஆனால் நல்ல திருகு உள்ள பூட்டு வளையத்தை டையில் இறுக்கிவிட்டால், சாதாரண மரையிலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். பின்னால் ஆசை வந்தால் ராக் சக்கரின் மேல் வளையத்தைக் கழற்றி ஹார்னடி வளையத்தைப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமான டைகள் எல்லாம் ஒரே 7/8-14 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று) என்பதால் எந்த நிறுவனத்தின் டையையும் இந்தப் பிரஸ்களில் போடலாம். ஷெல் ஹோல்டரின் எண்களில் மட்டும் கவனம்: ஒரே 308 ஓட்டுக்கு லீயில் எண் 2, ஆர்சிபிஎஸ்ஸில் எண் 3. எண்ணை நம்பி நிறுவனம் மாற்றி வாங்கிவிடாதீர்கள். 308-க்கு வாங்கியது 30-06, 243, 270 எல்லாவற்றுக்கும் பொருந்தும், அடி விட்டம் எல்லாம் ஒன்றே.

"விலை கூடிய பிரஸ் வாங்கினால் துல்லியம் கூடுமா?" இதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, கேள்விக்குள் இருக்கிறது. உறுதியான ஒரு சட்டத்தைத் தாண்டிய பிறகு, பெரிதாகக் கூடாது. குண்டு ஓட்டில் சாய்ந்து உட்காருவதற்குப் பிரஸ் காரணமாக இருப்பதைவிட, கழுத்துச் சுவரின் தடிமன் ஒருபக்கம் கூடுதலாக இருப்பதும், ஓட்டின் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை கோணலாக இழுப்பதும்தான் அதிகம் காரணமாகின்றன. துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்துத் துல்லியமாகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் பலர் மைதானத்தில் சின்ன ஆர்பர் பிரஸ்ஸையும் கை டையையும் வைத்துக்கொண்டே குண்டு பொருத்துகிறார்கள். அவர்கள் பணம் போடுவது டையிலும் ஓட்டிலும் குண்டிலும். ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன், செலவில்லாதது: ஓடு டைக்குள் முழுதாக ஏறியதும் ஒரு விநாடி அப்படியே நிறுத்தி, பிறகு இறக்குங்கள். பித்தளை சற்றுத் திரும்பி விரியும் குணம் உடையது. அந்த ஒரு விநாடி எல்லா ஓட்டுக்கும் ஒரே மாதிரி கிடைத்தால் தோளின் அளவும் ஒரே மாதிரி வரும்.

இப்போது அந்த மடக்கு மேசை. ஓட்டை உள்ளே தள்ளும்போது கைப்பிடி மேசையின் முன் விளிம்பைக் கீழே அமுக்கும். வெளியே இழுக்கும்போது அதே விளிம்பைத் தூக்கும். மடக்குக் கால் மேசை முதல் ஓட்டிலேயே துள்ளும். அதன்மேல் தராசும் பவுடரும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை அங்குல மொத்தத்துக்கு இரண்டு பிளைவுட் பலகைகளை ஒட்டி, இரண்டுக்கு நான்கு அங்குல மரச் சட்டத்தில் நிறுத்தி, பின்பக்கத்தைச் சுவரின் மரச்சட்டத்தில் திருகிவிடுங்கள். மரம் வாங்க நூறு டாலர்கூட ஆகாது என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை போதும். பிரஸ்ஸை மேசையின் காலுக்கு நேர் மேலே அல்லது அதன் அருகில் வையுங்கள், நடுவில் வைத்தால் பலகை வளையும். மரத் திருகு வேண்டாம், பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் அகன்ற வாஷர், நட். ராம் உச்சியில் இருக்கும்போது கைப்பிடியைப் பிடிக்க நீங்கள் குனியக் கூடாது, இறங்கும்போது தோள் உயரக் கூடாது. நின்றுகொண்டு செய்வதா உட்கார்ந்து செய்வதா என்பதை மேசை அடிப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

பழைய பிரஸ் பார்க்கப் போனால் என்ன பார்க்க வேண்டும்? மேல்துரு ஒன்றும் செய்யாது. என்னிடம் இருக்கும் ராக் சக்கரை ஒரு வீட்டு விற்பனையில், கராஜின் மூலையில், செந்துருவாகத்தான் பார்த்தேன். கணவர் இறந்துபோன அந்த அம்மா, அவர் அதில் முப்பது வருடம் தோட்டா செய்ததாகச் சொன்னார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எஃகுப் பஞ்சால் தேய்த்து, ராமுக்கு எண்ணெய் விட்டதும் புதியதுபோல ஓடியது. பார்க்க வேண்டியது வேறு. ராமைப் பாதி உயர்த்தி, மேல்முனையைப் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டுங்கள். லேசான ஆட்டம் எல்லாப் பிரஸ்ஸிலும் உண்டு. 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். சட்டத்தின் மூலைகளில் விளக்கடித்து விரிசல் இருக்கிறதா பாருங்கள், வார்ப்பிரும்பை ஒட்டவைத்துச் சரிசெய்வதை நம்பக் கூடாது. மேல் மரையில் ஒரு டையைக் கையாலேயே திருகிப் பாருங்கள், சிக்காமல் இறங்க வேண்டும். ஷெல் ஹோல்டர் உட்காரும் பள்ளத்தின் உதடு உடையாமல் இருக்க வேண்டும்.

ப்ரைமர் பொருத்தும் கை பிரஸ்ஸோடு வருகிறதே என்று அதைப் பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பிரஸ்ஸின் பலமே அங்கே குறை. ப்ரைமர் குழியின் அடியைத் தொட்டதை விரல் உணர வேண்டும், நீண்ட கைப்பிடி அந்த உணர்வைச் சாப்பிட்டுவிடும். கையில் பிடித்து அமுக்கும் தனிக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரைமரின் முகம் ஓட்டின் அடியோடு சமமாக நிற்கக் கூடாது, மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். அதைக் கட்டைவிரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். ராணுவ ஓடுகளில் ப்ரைமரைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள், அந்த நசுக்கலை எடுக்காமல் புது ப்ரைமரைத் திணிக்காதீர்கள். எந்த ஓட்டையும் டையில் விடுவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பாருங்கள்: நடுவில் ஒரு துளை இருந்தால் சரி, இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டான் வகை, டைக்குள் ப்ரைமரைத் தள்ளும் ஊசி உடையும்.

உங்கள் நண்பர் சொல்வது முழுக்கத் தவறு இல்லை. புரோகிரசிவ் பிரஸ்ஸில் கைப்பிடியின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வரும். வாரம் ஐந்நூறு 9 மி.மீ. சுடும் போட்டியாளருக்கு அது வேண்டும். ஆனால் ஒரே இழுப்பில் நான்கைந்து வேலைகள் நான்கைந்து இடத்தில் நடக்கும்போது, ஒரு ஓட்டில் பவுடர் விழாமல் போனதையோ இரண்டு முறை விழுந்ததையோ புதியவர் கண் பிடிக்காது. 9 மி.மீ. ஓட்டில் இரட்டைப் பவுடர் விழுந்தால் துப்பாக்கியும் கையும் போகலாம். சிங்கிள் ஸ்டேஜில் ஐம்பது ஓடுகளையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, பவுடர் போட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் குண்டை எடுக்கிறோம். நீங்கள் சொன்ன மாதம் முந்நூறு தோட்டாவுக்கு நான்கைந்து மாலைகள் ஆகும். 9 மி.மீ. டையைக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் வாங்கினால் மசகு பூசும் வேலை இல்லை, பாதி நேரம் மிச்சம். 308-க்கு மசகு கட்டாயம். பூசாமல் ஒரு ஓட்டை ஏற்றினால் டைக்குள் சிக்கி, விளிம்பு பிய்ந்து, துளைபோட்டு இழுத்தெடுக்க வேண்டிவரும். எங்கள் ஊர்ப் பிரஸ்காரர்கள் எல்லாருக்கும் இது ஒரு தடவை நடந்திருக்கிறது, எனக்கும்தான்.

பிரஸ் போக மிச்சப் பணத்தில் இவை கட்டாயம்: இரண்டு துப்பாக்கிக்கும் டை, ஒரு தராசு, அதைச் சரிபார்க்கும் எடைக்கல், ஆறு அங்குலக் காலிப்பர், தோளின் அளவைப் பார்க்கக் காலிப்பரில் மாட்டும் கம்பரேட்டர், ஓட்டை நீளத்துக்கு வெட்டும் கருவி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, குண்டு அல்லது பவுடர் நிறுவனம் வெளியிட்ட அண்மைப் பதிப்புக் கையேடு. பவுடரின் அளவைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், குறைந்தபட்ச அளவில் தொடங்குங்கள், தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் போடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித் தொகுப்பு என்எஃப்பிஏ 495-ன்படி வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற பவுடரை அது வந்த டப்பாவிலேயே வைக்கலாம், ப்ரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். 2013-லும் 2020-லும் ப்ரைமர் கடைகளில் இல்லாமல் போனது. ஆகவே பிரஸ்ஸை வாங்கும் அன்றே ஓராயிரம் ப்ரைமர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடைபட்ட இரும்புப் பெட்டியில் வேண்டாம். தீப்பிடித்தால் காற்றுப் போக வழியில்லாத பெட்டி வெடிகுண்டாகிவிடும்.

பிரஸ் வந்ததும் முதல் நாள் பவுடரையே திறக்காதீர்கள். ராமைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உங்கள் ரைபிளில் சுட்ட ஐந்து 308 ஓடுகளை எடுத்து, ப்ரைமரை மட்டும் தள்ளிவிட்டு, கம்பரேட்டரால் தோளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் ஒரே அளவில் மசகு பூசுங்கள். டையைக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி ஒரு ஓட்டை ஏற்றி, இறக்கி, அளந்து பாருங்கள். பத்துப் பத்து டிகிரியாக டையை இறக்கிக்கொண்டே வாருங்கள். தோள் சுட்ட அளவிலிருந்து 0.002 பின்னால் போன இடத்தில் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். அப்புறம் மற்ற நான்கையும் ஏற்றுங்கள். நான்கும் 0.001 அங்குலத்துக்குள் ஒன்றாக வந்தால் உங்கள் பிரஸ், மேசை, கை மூன்றும் சரி. வரவில்லை என்றால் முதலில் மேசையின் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள்.